கொட்டாஞ்சேனையில் பழகிய பனிச்சறுக்கு

என் மகனுடைய கலியாணத்துக்கு நான் போகவில்லை. விசா கிடைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். உண்மையில் நான் விண்ணப்பமே போடவில்லை.

அவன் நோர்வேயில் இருந்தான். கொழும்பில் இராணுவம் தமிழ்ப் பிள்ளைகளை வீடு வீடாக வந்து பிடித்து ஏற்றிக்கொண்டு போன நாட்களில் நாங்களே வழியனுப்பிவைத்த பிள்ளை. அங்கே மொழி படிக்கிற வகுப்பில் ஒரு பெண்ணைச் சந்தித்திருக்கிறான். அவளும் கொழும்புதான், கொட்டாஞ்சேனைப் பெண், கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன், கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் பார்ஜ் படகுகளில் முப்பது வருடம் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் நிலைத்த சைவக்காரர். என் கணவர் நில அளவையாளராக இருந்தவர். நான் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் தட்டெழுத்துச் செய்தேன். வித்தியாசம் இவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு இரண்டு பஸ் எடுக்க வேண்டும். நாலு வருடமாக அந்த பஸ்களில் நாங்களும் ஏறவில்லை, அவர்களும் ஏறவில்லை.

பிறகு ஒருநாள் மருமகளே தொலைபேசி எடுத்தாள்.

"மாமி, எனக்கு ஜனவரியில பிள்ளை கிடைக்கும். அம்மாவுக்கு பிரஷர், பிளேன் ஏறக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். நீங்க வாறீங்களா?"

கோபமோ குத்தலோ இல்லாத குரல். "ஓம் பிள்ளை, வாறன்" என்றேன். இந்த முறை விண்ணப்பம் போட்டேன். எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு மாதம்.

"அந்தக் குளிருக்கை போய் விறைக்கப் போறீர்" என்றார் கணவர். தனக்குச் சீனி வருத்தம், வர ஏலாது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

நான் போய் இறங்கியது இருட்டில். காலையில் எழும்பி ஜன்னல் சீலையை விலக்கினேன். விலக்கின கையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே ஒன்றுமே இல்லை போல இருந்தது. வீதி, வேலி, வளவு எல்லாம் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. மரங்கள் ஒவ்வொரு கிளையிலும் பாரத்தைச் சுமந்துகொண்டு அசையாமல் நின்றன. என்னை அதிசயிக்க வைத்தது வெள்ளையைவிட அந்த அமைதி. காலி நகருக்குப் போகும் காலி வீதியின் இரைச்சலிலும், வீட்டுக்குப் பின்னால் ஓடும் கரையோர ரயிலின் சத்தத்திலும் முப்பது வருடம் வாழ்ந்தவள் நான். சத்தம் இல்லாத ஓர் ஊர் இருக்கும் என்று நினைத்தே பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் என் காதுதான் அடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த வெள்ளைக்குள்ளே தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. கிட்ட வரவர ஒரு கிழவி. எழுபத்தைந்துக்குக் குறையாது. காலில் ஆள் உயரத்தைவிட நீளமான இரண்டு மெல்லிய மட்டைகள், கையில் இரண்டு தடிகள். ஒரு காலை உதைத்து மற்றக் காலில் வழுக்கிக்கொண்டு, யாரோ பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளிவிடுவதுபோல எங்கள் வீட்டைத் தாண்டிப் போனா. மூச்சு வாங்கவில்லை. ஒரு நிமிடத்தில் காட்டுக்குள் மறைந்துவிட்டா.

"அவ ஒவ்வொரு நாளும் போவா மாமி" என்றாள் மருமகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று. "கடைக்கும் அதிலதான் போவா."

பேத்தி பிறந்தாள். குளிக்கவார்ப்பு, பெற்றவளுக்குக் காய மருந்து அரைப்பு, இரவு பகல் தெரியாத வேலை. இரண்டு மாதம் போனது. மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் பிள்ளையை வைத்திருக்க, மருமகள் தன்னுடைய ஸ்கீ மட்டைகளைக் கட்டிக்கொண்டு வெளியே போனாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீண்ட சரிவு. அது போய் முடிகிற இடத்தில் உறைந்துபோன வாவி. அவள் சரிவின் உச்சியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு இறங்கினாள்.

நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கொட்டாஞ்சேனைத் தெருவில் செருப்புப் போட்டு நடந்து வளர்ந்த பெண். முழங்காலை மடக்கி, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, இடமும் வலமுமாக ஒரு கோடு கீறிக்கொண்டு அந்த மலையால் இறங்கி வருகிறாள். வேகம் கூடும்போது மட்டைகளின் பின்பக்கத்தை அகட்டினாள், வேகம் அடங்கியது. தான் நிற்க நினைத்த இடத்தில் நின்றாள். அந்த நிற்றலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இறங்குவது யாருக்கும் முடியும், கல்லும் மலையால் உருண்டு இறங்கும். வேண்டிய இடத்தில் நிற்கிறாளே, அது எப்படி?

அவள் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னேன்: "பிள்ளை, எனக்கும் பழக்கிவிடும்."

"விளையாட்டுக்குச் சொல்றீங்களா மாமி?"

"இல்லை. எனக்கும் அது வேணும்."

நாலு வருடத்தில் நான் அவளிடம் கேட்ட முதலாவது உதவி அதுதான்.

அடுத்த நாள் வாழ்க்கையில் முதன்முதலாகக் காற்சட்டை போட்டேன். மகன் கண்டும் காணாததுபோலப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தான்.

"முதல்ல விழப் பழகணும்" என்றாள் மருமகள். "முன்னுக்கு விழக்கூடாது. பக்கவாட்டில, கதிரையில இருக்கிற மாதிரி இருங்க." பஞ்சுபோன்ற பனியில் பக்கவாட்டில் இருந்தேன். அது இலகுவாக இருந்தது. எழும்புவதுதான் பெரும்பாடு. மட்டைகள் சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும், பிறகு முழங்காலில் நின்று, பிறகு ஒரு கால், பிறகு மறு கால். முதல் நாள் சமதரையில் பத்து நிமிடம் நின்றதுக்கே தொடை நடுங்கியது. மூன்றாம் நாள் சிறிய சரிவு ஒன்றில் என்னை நிறுத்தினாள். மட்டைகளின் நுனியைக் கிட்டவும் பின்பக்கத்தை அகலவும் வைக்கச் சொன்னாள். உள்விளிம்பை அழுத்தினால் நிற்கும் என்றாள். எனக்கு எல்லாம் விளங்கியது. என் கால்களுக்கு விளங்கவில்லை. மட்டைகள் தங்கள் பாட்டில் புறப்பட்டன, மேலே நான் ஒரு மூட்டைபோல நின்றேன். நேரே போய் ஒரு பற்றைக்குள் விழுந்தேன்.

கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. அவள் வந்து பக்கத்தில் பனியில் இருந்தாள்.

"பயத்தில காலப் பூட்டிட்டீங்க மாமி. தொடையில பலம் இருந்தா பயம் குறையும். நான் வேலை செய்ற முதியோர் இல்லத்தில எண்பது வயசு ஆக்களுக்கு நாங்க எக்சர்சைஸ் குடுக்கிறம். கதிரையால கை ஊண்டாம எழும்ப வைக்கிறம். நீங்க கொழும்புக்குப் போய் செய்ங்க. அடுத்த விண்டருக்கு வாங்க."

விசா மூன்று மாதத்துக்குத்தான். புறப்படும்போது என் கையில் இரண்டு பொருள் தந்தாள். ஒன்று காலுக்குப் போடும் தடித்த கம்பளி மேஸ். மற்றது அலுமினியத் தடிகள் இரண்டு. "மணலில நடக்க நல்லம். எங்கட அப்பாவுக்கும் ஒருக்காக் காட்டுங்க. நான் ஸ்கீ ஓடுறன் எண்டா அவர் நம்புறாரில்ல." தன் தாய் தகப்பனுக்குப் பிள்ளையின் படங்கள் அடங்கிய ஒரு பார்சலும் தந்தாள். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று அவள் சந்தேகமில்லாமல் நம்பியது எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் நாலாம் மாடி. லிப்ட் கிடையாது. அந்தப் படிகளை முப்பது வருடமாகத் திட்டியிருக்கிறேன். இப்போது அவற்றில் பழகினேன். ஏறுவது பெரிய காரியமில்லை. இறங்கும்போதுதான் தொடை வேலை செய்கிறது. கைபிடியைப் பிடிக்காமல், ஒவ்வொரு படியிலும் மூன்று எண்ணி, மெதுவாக இறங்கினேன். பல்லுத் தீட்டும்போது ஒற்றைக் காலில் நின்றேன். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் இருபது தரம் எழும்பினேன்.

"இஞ்சை யாரோ இராணுவத்திலை சேரப் போகினம் போல" என்றார் கணவர்.

"இஞ்சருங்கோ, பகிடி விடாமல் எண்ணுங்கோ."

எண்ணினார். பல நாள் நான் களைத்து நிறுத்தப் பார்க்கும்போது, "பதினாறுதான் ஆச்சு" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

பார்சலைக் கொடுக்க நாள் தள்ளித் தள்ளிப் போட்டேன். முடிவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டேன். தடிகளை ஒரு பழைய சீலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அது மடத்தனம் என்று பஸ் சோதனைச்சாவடியில் நின்றபோதுதான் உறைத்தது. எல்லோரும் இறங்கி அடையாள அட்டையோடு வரிசையில் நின்றோம். நீளமாக, விறைப்பாக, சீலையில் சுற்றின ஒரு பொருளோடு ஒரு தமிழ்ப் பெண். இராணுவப் பொடியன் துணியை அவிழ்த்தான். கூர் முனையும் அதற்கு மேலே வட்டத் தட்டும் வெளியே வந்தன.

"மே மொகக்த அம்மே?" இது என்ன என்று கேட்டான்.

எனக்குக் கந்தோர்ச் சிங்களம் தெரியும். ஆனால் கோப்பும் கடிதமும் பற்றிப் பேசுகிற சிங்களம் அது. "ஹிம உட யன்ன" என்றேன். பனிக்கு மேலே போக.

"வெள்ளவத்தே ஹிம தியெனவாத?"

வெள்ளவத்தையில் பனி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அவன் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அதிகாரியைக் கூப்பிட்டான். நாற்பது வயது மதிக்கத்தக்க அதிகாரி வந்து தடியைக் கையில் எடுத்து முனையைத் தொட்டுப் பார்த்தார். மகன் வெளிநாட்டில், பேரப்பிள்ளை, பனி, நான் பழகுகிறேன் என்று உளறினேன். "யார் பழகுவது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். என் நரைத்த தலையிலிருந்து சேலைக் கரை வரைக்கும் பார்த்தார். "செய்து காட்டுங்கள்" என்றார்.

காலி வீதி ஓரத்தில், மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், இரண்டு கையிலும் தடியை ஊன்றி, சேலையோடு முழங்காலை மடக்கி நின்றேன். இடது காலை உதைத்து வலது காலில் பாரத்தைப் போட்டேன். பிறகு மறுபக்கம். கால்கள், ஆச்சரியமாக, நடுங்கவில்லை. வரிசையில் நின்ற சனம் பார்த்துக்கொண்டு நின்றது. அதிகாரி தடிகளைத் தானே திரும்பச் சுற்றித் தந்து, இனிமேல் கிராம சேவகரிடம் ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். என்னுடைய பஸ் அதற்குள் போய்விட்டது.

கொட்டாஞ்சேனையில் ஒடுக்கமான ஒரு தெருவில் அவர்களுடைய வீடு. சம்பந்தி கதவைத் திறந்தார். உயரம், மெலிவு, வெயிலில் கறுத்த கைகள். நான் யார் என்று சொல்வதற்கு முன்னமே, "வாங்க, வாங்க. மக போன் பண்ணிச் சொன்னா" என்றார். உள்ளே திரும்பி, "இந்தா, யார் வந்திருக்காங்கன்னு பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். சம்பந்தியம்மா குள்ளமாக, என்னைவிட இரண்டொரு வயது கூடியவவாக இருந்தா. படங்களை மடியில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா.

சோதனைச்சாவடியில் நடந்ததைச் சொன்னேன். தடிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக எனக்குத் துணிவில்லை என்பதையும் சொன்னேன்.

"அப்ப இங்கயே வைங்க. இங்க வந்து பழகுங்க" என்றார் சம்பந்தி, வெகு சாதாரணமாக.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமைகள் ஆரம்பித்தன.

அந்த வீட்டில் வாசலிலிருந்து குசினி வரைக்கும் நீளமான ஒரு கூடம். சிவப்புச் சீமெந்துத் தரை. சம்பந்தியம்மா வாரம் தவறாமல் பொலிஷ் போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கலாம்போல வைத்திருந்தா. நான் கம்பளி மேஸைப் போட்டுக்கொண்டு அதில் கால் வைத்ததும் அப்படியே வழுக்கிக்கொண்டு போனேன். சுவரைப் பிடித்து நின்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"இதுதானா ஸ்னோ?" என்றார் சம்பந்தி.

"இதேதான்" என்றேன்.

அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் பழகினேன். ஒரு காலை உதைத்து மறு காலில் வழுக்கி, எவ்வளவு தூரம் ஒற்றைக் காலில் போகமுடியும் என்று பார்ப்பேன். முதலில் ஒரு முழம். பிறகு இரண்டு கையையும் விரித்த அளவு, ஒரு பாகம். சம்பந்திக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஆடுகிற இடத்தில் எப்படி நிற்பது என்பது தெரியும். முப்பது வருடம் அலையில் ஏறி இறங்குகிற பார்ஜில் நின்றே வேலை செய்தவர்.

"முழங்காலப் பூட்டாதீங்க. கீழ இருக்கிறது எதுவோ அது ஆடட்டும், நீங்க அதோட போங்க. எதுத்து நின்னா விழுத்திரும். காலப் பாக்காதீங்க. நான் காலப் பாத்துக்கிட்டு நின்னிருந்தா என்னைக்கோ கடல்ல விழுந்திருப்பன்."

காலைப் பூட்டாதே என்பது அவருடைய மகள் நோர்வேயில் சொன்ன அதே சொல். இரண்டு பேரும் அதைப்பற்றி ஒருவரோடொருவர் கதைத்தது கிடையாது. நான் அதை நினைத்து நினைத்து அதிசயப்பட்டேன். தகப்பன் கடலில் படித்ததை மகள் அப்படியே மலையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தாம் கிழமையோ ஆறாம் கிழமையோ சம்பந்தியம்மாவும் ஒரு சோடி மேஸைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தா. "எனக்கு பிளேன் ஏறத்தான் ஏலாது. இது ஏலும்" என்றா. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வாசலிலிருந்து குசினிவரை வழுக்கினோம். அறுபதை எட்டுகிற இரண்டு பெண்கள். குசினி வாசலில் போய் மோதி, மூச்சு முட்டச் சிரித்தோம். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலாலே எட்டி என்ன சத்தம் என்று கேட்டா.

இடைநாட்களில் வெள்ளவத்தைக் கடற்கரையில் நடந்தேன். தண்டவாளத்தைக் கடந்தால் கற்களுக்கு அப்பால் ஓர் ஒடுக்கமான மணல்துண்டு. அது கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். சரிவுக்குக் குறுக்கே நடக்கும்போது மேல் காலும் கீழ் காலும் வேறுவேறு வேலை செய்யும். பாரத்தைக் கீழ்க் காலில் போடு, பாதத்தின் விளிம்பால் மணலை வெட்டு. இரண்டு மாதத்தில் என் சேலைக்குள் யாருக்கும் தெரியாமல் புதிய இரண்டு கால்கள் இருந்தன. குளிக்கும்போது தொடையை அழுத்திப் பார்ப்பேன். பிள்ளை பெற்று, முப்பது வருடம் கதிரையில் இருந்து தட்டெழுதி, முடிந்துபோனது என்று நான் நினைத்திருந்த உடம்பு. கேட்டால் இன்னமும் தருகிறது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. கூடத்தின் நடுவில் வலது காலில் வழுக்கிக்கொண்டிருந்தேன். கொழும்புக் கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன, சுவரிலிருந்த இயேசுவின் திருவிருதயப் படம் சாய்ந்தது. என் முழங்கால் தானாக மடங்கியது, பாரம் இறங்கியது, நான் நின்றேன். சம்பந்தியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு செபம் சொல்லத் தொடங்கினா. எங்கோ குண்டு வெடித்திருக்கிறது. செத்தவர்கள் யார், எத்தனை பேர் என்று ஒன்றும் தெரியாத அந்த நேரத்தில், நான் விழவில்லை என்ற நினைப்பு எனக்கு வந்தது. அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக வெட்கப்பட்டேன்.

வீதிகளை மூடிவிட்டார்கள். கணவரோடு கதைக்க இரண்டு மணித்தியாலம் பிடித்தது. "இருந்திட்டு விடிய வாரும்" என்றார். அன்றைக்கு அங்கேயே தங்கினேன். பின்னேரம் சம்பந்தியம்மா பாண் வெட்டிக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்:

"கலியாணத்துக்கு விசா கிடைக்கேல்லை எண்டு சொன்னனான். அது பொய். நான் கேட்கவே இல்லை."

அவ பாண் வெட்டுகிறதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றா. "மக அப்பவே சொல்லிட்டா."

"தெரிஞ்சுகொண்டே என்னை வீட்டுக்குள்ள விட்டியள்?"

"புள்ள கிடைச்ச நேரம் எம்மகளுக்குக் காயம் அரைச்சிக் குடுத்தது நீங்கதானே. நான் இல்லையே" என்று சொல்லி, பாணுக்கு மாஜரின் பூசினா.

டிசம்பர் கடைசியில் மறுபடி நோர்வேக்குப் போனேன். மட்டைகளைக் கட்டி நிமிர்ந்தபோதே மருமகள் கவனித்துவிட்டாள். "மாமி, நிக்கிற விதமே வேறயா இருக்கு" என்றாள்.

ஆனாலும் விழுந்தேன். சீமெந்துத் தரை சரிவதில்லை. முதல் கிழமை முழுவதும் சிறிய சரிவில்தான். விழுந்தால் எழும்பத் தெரிந்திருந்தது, அதனால் பயம் பழைய அளவுக்கு இல்லை. வேகம் வரும்போது உடம்பு பின்னால் சாயத்தான் ஆசைப்படும். அந்த ஆசைக்கு இடங்கொடாமல் முன்னால் சாய்ந்து, மட்டைகளை அகட்டி, இரண்டு காலிலும் ஒரே அளவு அழுத்தினால் வேகம் மாடு அடங்குவதுபோல அடங்கும். ஒரு காலில் மட்டும் கூட அழுத்தினால் மறு பக்கம் திரும்பும். இதை முதல்முறை உணர்ந்த கணத்தில் நான் பலத்துச் சத்தம் போட்டுவிட்டேன். வலது காலை அழுத்தினேன்; உலகம் முழுவதும் இடப்பக்கம் திரும்பியது. திரும்பவும் செய்து பார்த்தேன். திரும்பவும் திரும்பியது.

பெப்ரவரியில் ஒருநாள் வெயில் எறித்தது. வீட்டுக்குப் பின்னால் உள்ள நீண்ட சரிவின் உச்சியில் நானும் மருமகளும் நின்றோம். கீழே வாவி ஒரு பெரிய வெள்ளைத் தட்டாகக் கிடந்தது. அதன்மேல் மனிதர் எறும்புகள்போல நடந்தார்கள். தண்ணீருக்கு மேலே நடக்கிறார்கள் என்பதை ஒரு வருடம் கழிந்தும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. சட்டைப்பையில் அடையாள அட்டை இல்லை. அதை எடுக்காமல் வந்தது நினைவுக்கு வந்ததும் கை ஒருகணம் தானாகப் பையைத் தேடியது. இந்த வெளியில் என்னை யாரும் கேட்கப் போவதில்லை.

"நான் முன்னுக்குப் போறன் மாமி. என்ட கோட்டில வாங்க."

அவள் போனாள். நான் பத்து எண்ணி இறங்கினேன். காற்று முகத்தில் அறைந்தது. அகட்டு, அழுத்து, திரும்பு. தூரத்தில் வாவியைப் பார்த்துக்கொண்டே போனேன். கால்கள் தங்கள் வேலையைச் செய்தன. பாதிச் சரிவில், நிழல் விழுந்து பனி கண்ணாடியாய் இறுகியிருந்த ஓரிடத்தில், எனக்கு முன்னால் மருமகளுடைய ஒரு மட்டை வழுக்குவதைக் கண்டேன். அடுத்த கணம் அவள் பக்கவாட்டில் விழுந்து சரிந்துகொண்டு போனாள். நான் நேரே அவளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

யோசிக்க நேரமிருக்கவில்லை. முழங்கால் மடங்கியது. மட்டைகள் அகன்றன. இடது காலில் முழுப் பாரமும் இறங்கியது. நான் வலப்பக்கம் வளைந்து, அவளுக்கு மேலே ஒரு கை தூரத்தில் நின்றேன். நின்றே விட்டேன். கீழே குனிந்து பார்த்தேன். அவள் பனிக்குள் கிடந்தபடி என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமி," என்றாள், "நீங்க நிண்டிட்டீங்க."

"உமக்கு அடி பட்டதே?"

"இல்ல. நீங்க நிண்டிட்டீங்க!"

என் தடியை நீட்டினேன். அவள் அதைப் பிடித்து முழங்காலில் நின்று, பிறகு எழும்பினாள். பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து, நின்ற இடத்திலேயே உரித்துத் தின்றோம். குளிரில் அது பல்லைக் கூசவைத்தது. என் தொடைகள் இரண்டும் சூடாக, உயிரோடு, துடித்துக்கொண்டிருந்தன. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இப்படி ஒன்று கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். இன்றைக்கும் அதை முழுக்க நம்புகிறேன் என்று சொல்ல முடியாது.

மிச்சச் சரிவை இறங்கி வாவிக்கரையில் நின்றோம். அவள் மட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மரக்குற்றியில் இருந்தாள். நான் திரும்பி மலையைப் பார்த்தேன். பொழுது சாய இன்னும் ஒரு மணித்தியாலமாவது இருந்தது.

"பிள்ளை, நான் இன்னொருக்கா ஏறி இறங்கட்டே?"

"தனியவா?"

"ஓம்."

"போங்க மாமி. நான் இங்க இருக்கிறன்."

மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, விளிம்பால் பனியை வெட்டி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக ஏறத் தொடங்கினேன்.